காய் ரூமில் சேர்ந்த சோப்பு

2025 ஜனவரி 13, போகி. பழையது கழிக்கிற நாள் என்பதால் போடியில் அம்மா வீட்டில் விடிகாலையிலேயே வேலை ஆரம்பித்துவிட்டது. நான் சனிக்கிழமை காலையில்தான் சென்னை ரயிலில் வந்து இறங்கியிருந்தேன். ஆறரை மணி வாக்கில் அம்மா பின்கட்டு அறையின் சாவியை என் கையில் கொடுத்து, "நீயே உள்ள போயி ஒண்ணொண்ணா எடுத்து வெளிய வைப்பா, எனக்குக் குனிய முடியல" என்று சொல்லிவிட்டு, முற்றத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

கதவைத் திறந்ததும் மூக்கில் ஏறியது சோப்புத் தூள் வாசனை. அந்த அறைக்குள் வரவே கூடாத வாசனை அது. ஏனென்றால் அது எங்கள் வீட்டின் காய் ரூம். போடிப் பக்கம் 'காய்' என்று மொட்டையாகச் சொன்னால் ஏலக்காய். மற்ற காய்களுக்குத்தான் பெயர் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

விளக்கைப் போட்டேன். இடது சுவரை ஒட்டி, காய் மூட்டைகள் இரண்டு. மீதி இடம் முழுக்க அட்டைப் பெட்டிகள். சில பெட்டிகளில் ஒட்டியிருந்த டேப்பைக் கூடப் பிரிக்கவில்லை. பலவற்றில் என் பெயர்.

எல்லாவற்றையும் முற்றத்துக்குக் கொண்டுவந்து அடுக்கினோம். அம்மா எண்ணிக்கொண்டே வந்தாள், நான் போனில் குறித்துக்கொண்டேன். நாலு கிலோ சோப்புத் தூள் பை எட்டு. தரை துடைக்கும் திரவம், லிட்டர் பாட்டில் 17. பாத்திரம் விளக்குகிற சோப்பு 41. குளியல் சோப்பு 63. கை கழுவும் திரவம் 11 பாக்கெட். சமையலறையில் துடைக்கிற காகிதச் சுருள் 23. அந்த வீட்டில் வசிப்பது என் அம்மா ஒருத்தி மட்டும்.

காகிதச் சுருளும் கை கழுவும் திரவமும் நான் அனுப்பியதல்ல. திருப்பூரில் இருக்கும் தங்கச்சி அவள் பங்குக்கு ஆவணியில் ஆரம்பித்து வைத்தது. நான் அனுப்புவது அவளுக்குத் தெரியாது, அவள் அனுப்புவது எனக்குத் தெரியாது. காகிதச் சுருளில் ஒன்றை மட்டும் அம்மா பிரித்திருந்தாள். முறுக்கு டப்பாவுக்கு அடியில் விரிப்பதற்கு நன்றாக இருந்ததாம்.

இது எப்படி ஆரம்பித்தது என்பதைச் சொல்ல வேண்டும். இதே போல இன்னும் எத்தனை வீட்டில் நடந்துகொண்டிருக்கிறதோ என்ற நினைப்பு அன்றிலிருந்து என்னை விடவில்லை.

2024 சித்திரையில் அம்மா போனில் ஒரு தடவை சொன்னாள்: "சோப்புத் தூள் தீர்ந்துருச்சு, முழங்கால் வலில கடைக்கு இறங்க முடியல, யாரையாச்சும் விட்டு வாங்கணும்." அப்பா போய் ஆறு மாதம் ஆகியிருந்த நேரம். வீட்டுச் சாமான் வாங்குவது அதுவரைக்கும் அப்பா வேலை. கேட்டதும் மனசு தாங்கவில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே போனில் ஆர்டர் போட்டேன். அந்தத் திரையில் இரண்டு வழி இருந்தது: ஒரு முறை மட்டும், அல்லது மாதந்தோறும். மாதந்தோறும் என்பது முன்கூட்டியே தேர்வாகி இருந்தது. விலையும் நூற்றுக்குப் பத்து ரூபாய் குறைவு. கீழே இன்னொரு வரி: இத்தனை பொருள் சேர்த்தால் இன்னும் குறையும். சரி, எப்படியும் வீட்டுக்கு வேண்டியதுதானே என்று தரை துடைக்கிறது, பாத்திரம் விளக்குகிறது, குளியல் சோப்பு என்று சேர்த்தேன். கணக்கிலிருந்து மாதாமாதம் எடுத்துக்கொள்ள ஒரு முறை அனுமதி கொடுத்தேன். கால் மணி நேர வேலை. அம்மாவுக்கு இனி அந்தக் கவலை இல்லை என்ற நிம்மதியோடு அன்றைக்குத் தூங்கினேன்.

அம்மா ஒரு தடவை சொன்ன "தீர்ந்துருச்சு" என்ற சொல்லை அந்த ஏற்பாடு மாதா மாதம் சொன்னதாக எடுத்துக்கொண்டது. தனியாக இருக்கிற ஒரு பெண்மணி மாதத்துக்கு எவ்வளவு துணி துவைப்பாள்? நாலு புடவை, இரண்டு போர்வை, துண்டு. முக்கால் கிலோ தூள் தாராளம். வந்துகொண்டிருந்தது நாலு கிலோ.

தீபாவளிக்கு நான் வந்திருந்தேன், ஆனால் அந்த அறையைப் பார்க்கவில்லை. காய் இருக்கிற சமயத்தில் அது பூட்டித்தான் கிடக்கும். அம்மாவும் ஒன்றும் சொல்லவில்லை. போகியன்று முற்றத்தில் அத்தனையும் அடுக்கிய பிறகு கேட்டேன்.

"ஏம்மா, இவ்வளவு சேந்துருச்சுன்னு ஒரு வார்த்தை போன்ல சொல்லிருக்கலாம்ல?"

"நீ அனுப்புற. நான் எப்படிப்பா வேணாம்னு சொல்றது? அம்புட்டுத் தூரத்துல இருந்து நினைப்பா அனுப்புறானேன்னு இருந்துச்சு."

கொஞ்ச நேரம் கழித்து அவளே சொன்னாள். "பொட்டி வர்ற அன்னைக்கு பக்கத்து வீட்டு மதினி எட்டிப் பாத்து, மகன் அனுப்பிட்டானான்னு கேப்பா. ஆமான்னு சொல்லுவேன்."

இதைக் கேட்டபோது எனக்கு வந்த சங்கடத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. பத்துப் பெட்டியும் என் பெயரில் வந்தன, ஒவ்வொன்றையும் அம்மா என் நினைப்பாக வாங்கி உள்ளே வைத்திருக்கிறாள். நான் நினைத்துச் செய்தது முதல் பெட்டி மட்டும்தான். மற்ற ஒன்பதும் தேதி பார்த்துப் போனவை.

அதோடு முடியவில்லை. அம்மா அண்ணாச்சி கடையிலும் வாங்கிக்கொண்டேதான் இருந்திருக்கிறாள். "முப்பது வருஷப் பழக்கம். திடீர்னு நிப்பாட்டுனா அந்த மனுசன் என்ன நினைப்பாரு?" பக்கத்து வீட்டுப் பையன் போய் வாங்கி வருவான். ஆக ஒரே வீட்டுக்கு மூன்று வழியில் சோப்பு வந்திருக்கிறது. மூன்றுமே அன்பினால், மரியாதையினால் வந்தவை.

இனி காய்க்கு வருகிறேன். என் மனசு இன்னும் ஆறாத இடம் அதுதான்.

போடியிலிருந்து முந்தல் தாண்டி, 17 கொண்டை ஊசி வளைவு ஏறினால் போடிமெட்டு. அதற்கு அப்பால் கேரளம். பூப்பாறை, சாந்தன்பாறை, ராஜகுமாரி என்று ஏலமலை விரியும். மலை அந்த மாநிலத்தில் இருந்தாலும், அங்கே காய் எடுக்கப் போகிற கைகளில் பல போடி, தேவாரம், கம்பம் பக்கத்துக் கைகள். விடியுமுன் ஜீப் ஜீப்பாக ஏறி, பொழுது சாய இறங்கி வரும் பெண்களைப் பார்க்காத போடிக்காரர் கிடையாது. பூப்பாறைக்கு மேலே அப்பா விட்டுப்போன முக்கால் ஏக்கர் இருக்கிறது. இப்போது மாமாதான் பார்த்துக்கொள்கிறார். வருஷத்துக்கு எங்கள் பங்குக் காய் வீட்டுக்கு வந்துவிடும்.

காய் எடுப்பது ஒரே நாளில் முடிகிற அறுவடை இல்லை. ஆடி, ஆவணியில் தொடங்கி தை, மாசி வரைக்கும் சுற்றுச் சுற்றாக எடுக்க வேண்டும். ஒரே சரத்தில் முற்றியதும் இருக்கும், பிஞ்சும் இருக்கும். முற்றியதை மட்டும் விரலால் தடவிப் பார்த்துக் கிள்ளுவார்கள். பறித்த அன்றே காய் உலர்த்துகிற ஸ்டோருக்குப் போக வேண்டும். அங்கே ஒரு நாள், சமயத்தில் அதற்கு மேலும், மிதமான சூட்டில் வைத்து ஈரத்தை நூற்றுக்குப் பத்துக்கும் கீழே இறக்குவார்கள். நாலைந்து கிலோ பச்சைக்காய் உலர்ந்தால் ஒரு கிலோ. சூடு கூடினால் பச்சை நிறம் போகும், குறைந்தால் பூசணம் பிடிக்கும். இத்தனை பாடுபட்டுக் காப்பாற்றுவது இரண்டே விஷயத்தை: நிறம், மணம். விலை அதில்தான் நிற்கிறது.

மணம் என்பது அந்த விதைக்குள் இருக்கும் எண்ணெய். காற்றில் ஆவியாகிப் போகக்கூடியது. அது போகிற மாதிரியே வெளி வாடையையும் காய் இழுத்துக்கொள்ளும். அதனால் கறுப்பு பாலிதீன் உறை போட்ட சாக்கில் கட்டி, வெளிச்சம் படாத, ஈரமில்லாத அறையில் வைப்பார்கள். அப்பா இருந்தவரை அந்த அறைக்குள் வெங்காயம் வரக்கூடாது, மண்ணெண்ணெய் வரக்கூடாது, தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு நாங்கள் கூட உள்ளே போகக்கூடாது. ஒரு தடவை தங்கச்சி மல்லிகைப் பூவோடு போய் அங்கே ஒளிந்து விளையாடியதற்கு அப்பா சத்தம் போட்டது இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது.

அம்மாவுக்கும் இது தெரியாததல்ல. ஆனால் வீட்டில் பூட்டு உள்ள ஒரே அறை அது. திண்ணையில் இறக்கிவிட்டுப் போகும் பெட்டிகளை வேறு எங்கே வைப்பாள்? "அட்டைப் பொட்டிக்குள்ளதான இருக்கு, டேப்பு ஒட்டித்தான இருக்குன்னு நினைச்சேன்" என்றாள். ஐப்பசி, கார்த்திகை மழையில் அறை நமுத்திருக்கிறது. சோப்புத் தூள் பைகளில் இரண்டு கீழே கிழிந்து, தூள் கட்டியாக இறுகியிருந்தது. தரை துடைக்கும் பாட்டில் ஒன்று மூடி சரியாக இல்லாமல் பெட்டிக்குள்ளேயே கசிந்திருந்தது.

விலை ஏறட்டும் என்று அந்தக் காயை வைத்திருந்தோம். ஏலமலைக்காரர்களுக்கு அது பழக்கம், அதற்குக் காரணமும் இருக்கிறது. 2019 ஆகஸ்டில் ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாய் வரை போன காய், மூன்றே வருஷத்தில் ஆயிரத்துக்கும் கீழே விழுந்தது. 2024 கோடையில் மழை பொய்த்து மலையில் செடிகள் காய்ந்தன. அதற்குப் பிறகு வரத்து குறைந்து விலை இரண்டாயிரத்தைத் தாண்டி நின்றது. அப்படிப்பட்ட வருஷத்தில் கையில் இருந்த 42 கிலோ அது.

பொங்கல் முடிந்து, தெரிந்த வியாபாரி ஒருவரிடம் சாம்பிள் கொண்டுபோனேன். அப்பாவின் காலத்துப் பழக்கம். ஒரு பிடி காயைத் தட்டில் பரப்பினார். நிறம் பார்த்துத் தலையாட்டினார். ஒன்றை நகத்தால் பிளந்து உள்ளே விதை கறுப்பாக இருக்கிறதா என்று பார்த்தார். அப்புறம் உள்ளங்கையில் நாலு காயை நசுக்கி மூக்கருகே கொண்டுபோனார். அப்படியே நின்றார். இரண்டாவது தடவையும் முகர்ந்தார்.

"தம்பி, இதுகூட என்னத்த வச்சிருந்தீங்க?"

சொன்னேன்.

"அப்பா இருந்தா விட்டிருப்பாரா?" என்று மட்டும் கேட்டார். கிலோவுக்கு முந்நூறு ரூபாய் குறைத்தார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. அந்தக் காயை இன்னொருவர் பாயசத்தில் போடப்போகிறார், டீயில் தட்டிப் போடப்போகிறார். 42 கிலோவுக்கு 12,600 ரூபாய் போயிற்று. மாதந்தோறும் வாங்குவதால் எனக்குக் கிடைத்த தள்ளுபடி, பத்து மாதத்துக்கும் சேர்த்து 1,300 ரூபாய்.

பணம் போனது கூடப் பெரிதில்லை. அம்மா அன்றைக்கு மத்தியானம் சாப்பிடவில்லை. காயைக் கெடுத்துவிட்டோம் என்பது மலைக்காரர் வீட்டில் சின்ன விஷயம் இல்லை. எங்கேயோ ஒருத்தி மழையில் நனைந்து, அட்டைக்கடி வாங்கி, ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்த காய் அது.

அண்ணாச்சி கடையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சின்ன வயதில் மாதம் பிறந்ததும் அப்பா சிட்டை எழுதுவார். அம்மா அடுப்படியில் இருந்து சொல்லச் சொல்ல அப்பா எழுதுவார். நான் அதைக் கொண்டுபோய்க் கடையில் கொடுப்பேன். அண்ணாச்சி மூக்குக் கண்ணாடியைக் கீழே இறக்கிப் படிப்பார். பென்சிலால் ஒன்றிரண்டை அடிப்பார். "சீயக்கா போன மாசம்தான் அரைக்கிலோ போச்சு, அதுக்குள்ளயா தீந்துருச்சு? அம்மாட்ட கேட்டுட்டு வா." நான் ஓடிப்போய்க் கேட்பேன். பாதி நேரம், டப்பாவின் பின்னால் இன்னொரு பொட்டலம் இருக்கும்.

விற்கிறவர் எதற்கு விற்பனையைக் குறைக்க வேண்டும்? அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. இந்தத் தடவை அவரிடமே கேட்டேன். இப்போது கடையை மகன் பார்த்துக்கொள்கிறார், அண்ணாச்சி கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார். சிரித்தார். "பத்துல, கடனுக்குக் குடுத்த சாமான் தம்பி அதெல்லாம். பங்குனி, சித்திரை, வைகாசி மூணு மாசமும் மலையில காய் கிடையாது, கையில காசு கிடையாது. நோட்டுல எழுதிட்டுத்தான் குடுக்கணும். காய் இறங்குனப்புறம் தான் வசூல். உங்க வீட்டுல என்ன தீரும், என்ன தங்கும்னு தெரியாம அள்ளிக் குடுத்தா, ஆவணியில நீங்க எப்படி அடைப்பீங்க? நான் எப்படிக் கொள்முதல் பண்ணுவேன்?"

கடனுக்குக் கொடுப்பவருக்கு நம் வீட்டு அலமாரி தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் இருக்கிறது. நாம் தாங்குகிற அளவுக்குத்தான் அவர் விற்க முடியும். கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுத்துக்கொள்கிறவருக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. அலமாரி நிறைந்திருந்தாலும் காலியாக இருந்தாலும் அவருக்குத் தேதி வந்தால் பணம் வந்துவிடும். அண்ணாச்சி நல்லவர் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவர் நல்லவராக இருப்பதற்கு அந்த நோட்டும் ஒரு காரணம்.

மொத்தமாக வாங்கி வைப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. மலையில் அது அறிவு. வைகாசி கடைசியில், தென்மேற்கு மழை பிடிக்குமுன், மாமா வீட்டில் அரிசி, பருப்பு, உப்பு, தீப்பெட்டி, மெழுகுவத்தி, சோப்பு எல்லாம் ஏறிவிடும். மழை வலுத்தால் பாதையில் மண் சரியும், பாறை உருளும், ஜீப் நின்றுவிடும். மாமி கணக்குப் போடுவதை நான் பார்த்திருக்கிறேன். எத்தனை பேர், எத்தனை வாரம், ஊரிலிருந்து யார் வருவார்கள், யார் போவார்கள். நீளமான துணி சோப்பைக் கம்பியால் துண்டு துண்டாக அறுத்து, அடுப்புக்கு மேலே பரணில் இடைவெளி விட்டு அடுக்குவார். காய்ந்து கல்லு மாதிரி ஆகிவிடும். "ஈரச் சோப்பு தண்ணியில கரைஞ்சு ஓடிரும், காஞ்ச சோப்பு ரெண்டு மடங்கு நாள் வரும்" என்பார். அந்தப் பரணில் இருப்பதும் குவியல்தான். ஆனால் ஒவ்வொரு துண்டும் எந்த வாரத்துக்கு என்று மாமிக்குத் தெரியும்.

எங்கள் தெருவிலேயே இன்னும் இரண்டு வீட்டில் இதே கதை. ஒரு வீட்டில் ஓய்வுபெற்ற வாத்தியார். பெங்களூரு மருமகள் போட்ட ஏற்பாட்டில் தண்ணீர் சுத்திகரிப்புக்கான வடிகட்டி வந்துகொண்டே இருக்கிறது, அந்த மிஷினோ போன வருஷமே ரிப்பேர். இன்னொரு வீட்டில் பேரன் குழந்தையாக இருந்தபோது லீவுக்கு வந்தான், அப்போது ஆரம்பித்த டயப்பர் பாக்கெட். பேரன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். பிள்ளைகள் வெளியூரில், வெளிநாட்டில் இருக்கிற வீடுகள் போடியில் அதிகம். அங்கெல்லாம் பெற்றவர்கள் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள். பிள்ளைகள்தான் கேட்க வேண்டும்.

நிறுத்துவதற்கு நான் பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும். போகியன்று சாயங்காலமே போனை எடுத்து உட்கார்ந்தேன். எல்லாப் பொருளையும் ஒரே இடத்தில் நிறுத்த வழியில்லை. ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் 'தள்ளிப்போடு' என்பது பெரிதாக, நிறத்தோடு இருந்தது. 'நிறுத்து' என்பது கீழே சின்ன எழுத்தில். அதை அழுத்தினால் ஏன் என்று ஒரு கேள்வி, அதற்குப் பிறகு சேமிப்பை இழக்கப்போகிறீர்கள் என்று ஓர் அறிவிப்பு. நாலு பொருளுக்கும் சேர்த்து அரை மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. ஆரம்பிக்க ஆனது கால் மணி நேரம்.

இதற்கெல்லாம் நம் நாட்டில் விதி இல்லாமல் இல்லை. கணக்கிலிருந்து திரும்பத் திரும்பப் பணம் எடுக்கும் அனுமதிகளுக்கு ரிசர்வ் வங்கி கொண்டுவந்த கட்டுப்பாடு 2021 அக்டோபர் 1 முதல் முழுதாக நடைமுறைக்கு வந்தது. பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே நமக்குத் தகவல் வர வேண்டும், அதில் வேண்டாம் என்று விலக வழி இருக்க வேண்டும். எனக்கும் அந்தத் தகவல் மாதாமாதம் வந்திருக்கிறது. பழைய குறுஞ்செய்திகளில் தேடிப் பார்த்தேன், அத்தனையும் இருந்தன. ஒன்றைக் கூட நான் திறந்து படிக்கவில்லை. அப்போது ஒரு தடவைக்கு 5,000 ரூபாய் வரைதான் கூடுதல் சரிபார்ப்பு இல்லாமல் எடுக்கலாம் என்று இருந்தது, 2022 ஜூனில் அதை 15,000 ஆக்கினார்கள். நம் வீட்டுச் சாமான் எல்லாம் அந்த வரம்புக்குள் அடங்கிவிடும். அதனால் ஓடிபி கேட்டு நம்மை யாரும் நிறுத்தமாட்டார்கள்.

2023 நவம்பர் 30-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஏமாற்று வடிவமைப்புகளைத் தடுக்க வழிகாட்டுதல் வெளியிட்டது. 13 வகைகளைப் பெயர் சொல்லிப் பட்டியல் போட்டிருக்கிறார்கள். அதில் சந்தாப் பொறி ஒன்று: சேருவதை எளிதாக்கி, விலகுவதைச் சிக்கலாக்குவது. நாம் சேர்க்காததைக் கூடைக்குள் சேர்ப்பது இன்னொன்று. இப்படி ஏதாவது நடந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். தமிழிலேயே பேசலாம்.

வெளிநாட்டிலும் இந்தச் சண்டை நடந்திருக்கிறது. அமேசான் 2015-ல் டேஷ் பட்டன் என்று ஒன்றை விற்றது. சலவை மிஷின் மேல் ஒட்டிக்கொள்ளும் சின்னப் பொத்தான். அமுக்கினால் சோப்புத் தூள் வீட்டுக்கு வரும். அமுக்குகிற நேரத்தில் என்ன விலை, சரியாக எந்தப் பொருள் என்று வாங்குகிறவருக்குத் தெரிவதில்லை என்று ஜெர்மனியில் நுகர்வோர் அமைப்பு ஒன்று வழக்குப் போட்டது. 2019 ஜனவரியில் மியூனிக் மேல்முறையீட்டு நீதிமன்றம் அது சட்டத்துக்குப் புறம்பு என்றது. அதே வருஷம் அந்தப் பொத்தான் விற்பனையும் நின்றது. அந்தப் பொத்தானையாவது ஒருவர் கை வைத்து அமுக்க வேண்டும். என் ஏற்பாட்டில் அது கூட இல்லை.

ஒரு விஷயம் முக்கியம். ஆர்டரை நிறுத்துவது வேறு, பணம் எடுக்கும் அனுமதியை நிறுத்துவது வேறு. யுபிஐ செயலிக்குள் ஆட்டோபே என்று ஒரு பகுதி இருக்கும். அதைத் திறந்து பாருங்கள். நான் திறந்தபோது சோப்பு மட்டுமில்லாமல், எப்போதோ கேட்டு விட்ட ஒரு பாட்டுச் செயலி, அப்பாவுக்காக எடுத்த ஒரு பத்திரிகைச் சந்தா என்று மூன்று அனுமதி உயிரோடு இருந்தன. அப்பாவின் பத்திரிகையை ரத்து செய்ய மட்டும் விரல் கொஞ்ச நேரம் தயங்கியது.

கடைசியாக வந்த பெட்டியை மட்டும் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். மற்றதற்கு நாள் கடந்துவிட்டது. குளியல் சோப்பில் நாற்பதை அண்ணாச்சி கடைக்குக் கொண்டுபோனோம். தேதி, விலை எல்லாம் பார்த்துவிட்டு, "அக்கா, இத உங்க பத்துல கழிச்சுக்கறேன்" என்று நோட்டைப் பிரித்து எழுதினார். நல்ல நிலையில் இருந்த சோப்புத் தூள் பைகள் ஐந்து மாமாவோடு ஜீப்பில் மேலே போயின. மாமி அதைத் தோட்டத் தொழிலாளர் இருக்கிற லைன் வீட்டுப் பெண்களுக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறார். சும்மா வாங்கிக்கொள்ள அவர்களுக்கு மனசில்லை. பாதி விலை போட்டுக் கொடுத்துவிட்டார்கள். அந்தப் பணம் ஒரு சீட்டில் கணக்கோடு அம்மாவுக்கு வந்தது. அம்மா அந்தச் சீட்டைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறாள்.

தங்கச்சியும் நானும் இப்போது ஒன்று செய்கிறோம். மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் ஒரே அழைப்பில் வருவோம். அம்மா போனைக் கையில் பிடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போய், டப்பா டப்பாவாகத் திறந்து சொல்லுவாள். நான் சிட்டை எழுதுவேன். அது அண்ணாச்சி மகனின் போனுக்குப் போகும். சாமானைக் கடைப் பையன் கொண்டுவந்து அடுப்படியிலேயே வைத்துவிடுவான். முதல் மாதத்தில் இதற்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. பாதி நேரம் சாமான் பேச்சே இல்லை. எண்ணெய் டப்பாவைத் திறந்தால் எதிர்வீட்டுக் கல்யாணம் வரும், புளிப் பானையைத் திறந்தால் அப்பாவுக்கு எந்தப் புளி பிடிக்கும் என்பது வரும். போன மாதச் சிட்டையில் ஐந்தே வரிகள். தரை துடைக்கிற பாட்டில் இன்னும் ஆறு இருக்கிறது.

காய் ரூமைத் தை கடைசியிலேயே காலி செய்து, தண்ணீர் விட்டுக் கழுவி, சுண்ணாம்பு அடித்தோம். இரண்டு மாதம் ஜன்னலும் கதவும் திறந்தே கிடந்தன. அம்மா பகலில் அங்கேயே பாய் விரித்துப் படுத்திருப்பாளாம், வாடை போயிற்றா என்று பார்ப்பதற்கு.

ஆவணியில் இந்த வருஷத்து முதல் காய் மாமாவிடமிருந்து இறங்கியது. புதுச் சாக்கு, புது உறை. நாலாம் நாள் ராத்திரி பத்து மணிக்கு அம்மாவே கூப்பிட்டாள். வழக்கமாக அந்த நேரத்துக்குத் தூங்கியிருப்பாள்.

"நாலு நாளாச்சு காய் வச்சு. இப்பத்தான் சாக்கப் பிரிச்சு மூக்கை உள்ள விட்டுப் பாத்தேன். ஒரு வாடையும் இல்லப்பா. காய் வாசம்தான்."